கலாட்டா கோபுரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் சிவில் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பின் வரிசையில் கதவோரமாக உட்கார்ந்து எப்போது சாப்பாட்டு மணி அடிக்கும் என்று காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

அந்தப் பின் வரிசையில் நானும் நான்கு வருஷம் உட்கார்ந்தவன்தான். அதனால் உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தலைப்பைப் பலகையில் எழுதியபோது ஒரு தம்பி சிரித்தான். 'கலாட்டா கோபுரம்' என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். விடுதியில் நாங்கள் பண்ணிய கலாட்டாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது துருக்கியில், இஸ்தான்புல் துறைமுக நகரத்தில் இருக்கிற கோபுரம். அந்தப் பகுதியின் பெயரே கலாட்டா. 1348-ல் கட்டியது. ஆனால் கதையைக் கேட்டு முடித்த பிறகு, நம்ம ஊர் அர்த்தத்திலும் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று நீங்களே சொல்லுவீர்கள்.

வளைகுடாவில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, கம்பெனி விஷயமாக ஒன்றரை நாள் இஸ்தான்புல்லில் தங்க வேண்டி வந்தது. மீட்டிங் முடிந்த மறுநாள் காலை கையில் அரை நாள் மிச்சம். கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஒரு சுரங்க ரயில் போகிறது. 1875-ல் திறந்தது, லண்டனுக்கு அடுத்து உலகத்திலேயே பழைய சுரங்க ரயில் அதுதான். அதில் ஏறி மேலே போய், சந்து சந்தாக இறங்கி வந்தால், ஒரு திருப்பத்தில் திடீரென்று முன்னால் நிற்கிறது கோபுரம். வட்டமான கல் கோபுரம், மேலே கூம்பு வடிவக் கூரை. பென்சிலைச் சீவி நிறுத்தி வைத்த மாதிரி.

எல்லோரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். நம்ம துறைக்காரனுக்கு அது வியாதி. அடிப்பாகத்தில் வெளி விட்டம் 16.45 மீட்டர். சுவர் கனம் 3.75 மீட்டர். அப்படியானால் உள்விட்டம் வெறும் 8.95 மீட்டர். தம்பிகள் யாராவது கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வட்டத்தின் பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு சுவர், முப்பது பங்குதான் ஆள் நிற்கிற இடம். இன்றைக்கு ஒரு அபார்ட்மெண்ட் பில்டரிடம் இந்த பிளானைக் காட்டினால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார். உயரம் 62.59 மீட்டர். கட்டிய காலத்தில் அந்த நகரத்திலேயே உயரமான கட்டடம் இதுதான்.

சரி, யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள்? இங்கேதான் கலாட்டா ஆரம்பம்.

அப்போது அந்த நகரத்தின் பெயர் கான்ஸ்டாண்டிநோபிள். பைசாண்டியப் பேரரசின் தலைநகரம். நகரத்துக்கும் கலாட்டாவுக்கும் நடுவில் 'பொற்கொம்பு' என்கிற கடல் கழி. அக்கரையில் பேரரசர், இக்கரையில் வியாபாரிகள். வியாபாரிகள் என்றால் இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள். 1261-ல் பேரரசர் எட்டாம் மைக்கேலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தவர்கள். 1267-ல் கலாட்டாவை அவர்கள் குடியிருக்கக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: மதில் கட்டக் கூடாது. இடம் தந்தோம், வியாபாரம் பண்ணிக்கொள், கோட்டை கட்டாதே. நியாயமான நிபந்தனைதான்.

ஆனால் குடி வந்தவன் சும்மா இருப்பானா? முதலில் அகழி. அப்புறம் கொஞ்சம் சுவர். அப்புறம் இன்னும் கொஞ்சம். நம் ஊரில் வீட்டு முன்னால் முதலில் படிக்கட்டு வரும், பிறகு ஷீட் வரும், அப்புறம் அதுக்கு மேலே ஒரு ரூம் வரும் இல்லையா, அதே கதைதான்.

எண்பது வருஷத்தில் நிலைமை எங்கே வந்து நின்றது தெரியுமா? அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் நிக்கெபோரஸ் கிரிகோராஸ் எழுதி வைத்திருக்கிறார். கலாட்டாவில் ஜெனோவாக்காரர்கள் வசூலிக்கும் வருஷாந்திர சுங்கம் சுமார் 2,00,000 பொற்காசு. எதிர்க்கரையில் பேரரசரின் கஜானாவுக்கு வந்தது 30,000 கூடத் தேறவில்லை. வீட்டுக்காரனைவிட வாடகைக்கு இருப்பவன் பல மடங்கு பணக்காரன் ஆகிவிட்டான். பேரரசர் ஆறாம் ஜான் காண்டகுசீனோஸ் ஒரு யோசனை பண்ணினார். தன் பக்கத்தில் சுங்க விகிதத்தைக் குறைத்தார், கப்பல்கள் இந்தக் கரைக்கு வரட்டும் என்று. புதுக் கப்பற்படையும் கட்ட ஆரம்பித்தார். ஜெனோவாக்காரர்கள் விடுவார்களா?

இன்னொன்றையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1347-ல்தான் அந்த நகரத்தைப் பெரிய பிளேக் தாக்கியது. பேரரசரின் சின்ன மகனே அதில் இறந்துபோனான். ஊரே எழவு வீடாகக் கிடக்கிறது. அடுத்த வருஷம், 1348 ஆகஸ்டில், பேரரசர் நோய்வாய்ப்பட்டு வெளியூரில் இருக்கிற நேரம் பார்த்து, ஜெனோவாக்காரர்கள் கழியைத் தாண்டி வந்து கட்டிக்கொண்டிருந்த கப்பல்களைக் கொளுத்தினார்கள். கூடவே, எந்த மேட்டைத் தர மாட்டேன் என்று பேரரசு மறுத்திருந்ததோ, அந்த மேட்டை மடக்கி மதிலை உச்சி வரைக்கும் கொண்டுபோனார்கள். ராப்பகலாக வேலை. அந்த உச்சியில் எழுந்ததுதான் நம் கோபுரம். 'கிறிஸ்துவின் கோபுரம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் பக்தி மயம், காரணம் சுங்கம்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். துறைமுகக் கோபுரம் என்றால் கடலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். கப்பலில் வருகிற எதிரியை அடிக்கத்தானே கோபுரம்? ஆனால் இது கரையில் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 35 மீட்டர் மேலே, மேட்டின் உச்சியில், கடலை விட்டு விலகி நிற்கிறது. காரணம், அந்தக் குடியிருப்பு சரிவில் இருந்தது. மேலே இருப்பவன் கல்லைப் போட்டாலே கீழே தெரு காலி. கடல் பக்கம் அவர்களுக்குப் பயம் இல்லை, கப்பல் அவர்களுடையது. பயமெல்லாம் முதுகுப் பக்கம்தான். கரையிலிருந்து விசிறி மாதிரி விரிந்த மதில் மேட்டில் வந்து குவிகிற முனையில் கோபுரம். நமக்கு சர்வே கேம்ப் நடத்திய சார், 'உசரத்தைப் புடிச்சவன் ஸ்டேஷனைப் புடிச்சான்' என்று அடிக்கடி சொல்லுவார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். கலாட்டாவில் அந்தக் கோபுரத்தடியில் நின்றபோது சார் ஞாபகம் வந்தது. சார் இன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், லேட்டாகத்தான் புரிந்தது.

பேரரசர் திரும்பி வந்து, வரி போட்டு, மறுபடி கப்பல் கட்டி, 1349 மார்ச்சில் சண்டைக்கு அனுப்பினார். அந்தச் சண்டையைச் சண்டை என்றே சொல்ல முடியாது. பலத்த காற்று ஒன்று அடித்திருக்கிறது. பழக்கமில்லாத மாலுமிகள் கலவரப்பட்டுக் கடலில் குதித்துவிட்டார்கள். ஆளில்லாக் கப்பல்களை ஜெனோவாக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு சமாதானம் பேசி, ஜெனோவா அரசு நஷ்ட ஈடு தர ஒத்துக்கொண்டது என்பது வேறு விஷயம். கோபுரம் மட்டும் நின்றது நின்றதுதான். அனுமதி இல்லாமல் எழுந்த கட்டடம் 670 வருஷத்துக்கு மேல் நிற்கிறது. அனுமதி வாங்கி நான் கட்டியதில் சிலதைப் பற்றி இந்த மேடையில் பேசாமல் இருப்பது நல்லது.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் முதலில் ஏமாந்தேன். பொற்கொம்புக் கழியின் வாயில் இரும்புச் சங்கிலி கட்டி எதிரிக் கப்பலைத் தடுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சங்கிலியின் இக்கரை முனை இந்தக் கோபுரத்தில் கட்டியிருந்தது என்று அங்கே பலர் சொல்லுவார்கள். இல்லை. சங்கிலிக் கோபுரம் வேறு. அது கீழே கரையில் இருந்தது. 1203 ஜூலையில் நான்காம் சிலுவைப் படை பிடித்தது அந்தக் கோபுரத்தைத்தான். அதன் அடித்தளம் இன்று ஒரு நிலவறைப் பள்ளிவாசலாக இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேட்டில் நிற்பவனுக்கும் கரையில் நின்றவனுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது.

1453-ல் இரண்டாம் மெஹ்மத் நகரத்தை முற்றுகையிட்டபோது கலாட்டா நடுநிலை என்று சொல்லிக்கொண்டது. ஏப்ரல் 22-ம் தேதி சுமார் எழுபது கப்பல்களைத் தரை மேலே உருட்டி, இந்த மதிலுக்குப் பின்னால் இருக்கிற மேடு வழியாகக் கழிக்குள் இறக்கினாரே, அதைக் கோபுரத்து உச்சியில் இருந்த காவல்காரன் நிச்சயம் பார்த்திருப்பான். பார்த்து என்ன செய்வது? மே 29-ல் எதிர்க்கரை விழுந்தது. கலாட்டா சண்டையில்லாமல் சாவியைக் கொடுத்தது. நிலப்பக்க மதிலில் ஒரு பகுதியை இடிக்கச் சொன்னார் சுல்தான். எந்தத் தாக்குதலுக்காகக் கோபுரம் கட்டினார்களோ, அந்தத் தாக்குதல் வந்த நாளில் கோபுரத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அது பார்த்த உத்தியோகங்கள் கொஞ்ச நஞ்சமில்லை. 1509-ல் பெரிய பூகம்பம். 'சின்னப் பிரளயம்' என்று பேர் வைத்தார்கள். கோபுரம் சேதமாகி, ஹைருத்தீன் என்ற கட்டடக் கலைஞர் சரிசெய்தார். கப்பல் பட்டறையில் வேலை செய்த போர்க் கைதிகளை அடைத்து வைத்தார்கள். பொருள் கிடங்காகவும் கொஞ்ச காலம் ஓட்டினார்கள்.

பறந்த கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் மெக்கானிக்கல் பசங்கள் கோபித்துக்கொள்வார்கள். 1630-களில் ஹெசார்ஃபென் அஹமத் செலெபி என்பவர் இறக்கை கட்டிக்கொண்டு இந்த உச்சியிலிருந்து குதித்து, பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டி ஆசியக் கரையில் இறங்கினாராம். சுல்தான் நான்காம் முராத் பார்த்து ஒரு பை பொற்காசு கொடுத்தாராம். அப்புறம், 'இவன் எதையும் செய்யக்கூடியவன், பக்கத்தில் வைத்துக்கொள்வது ஆபத்து' என்று அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தினாராம். எவ்லியா செலெபி என்ற பயணி எழுதியது. வேறு யாரும் எழுதவில்லை. நான் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சொல்லப்படும் தூரம் 3,300 மீட்டருக்கு மேல். புறப்பட்ட உயரம் கடல் மட்டத்திலிருந்து தொண்ணூறு மீட்டருக்குள். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் முன்னால் போக வேண்டும். இன்றைய ஹேங் கிளைடர் பதினைந்து மீட்டர் போனாலே நல்ல கிளைடர். ஆக கணக்கு ஒத்துவரவில்லை. நாடு கடத்திய பகுதியை மட்டும் நான் உடனே நம்பினேன். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குக் காரணம் புரியும்.

1717 முதல் அது தீக்காவல் கோபுரம். மர வீடுகள் நெருக்கியடித்த ஊர். மேலே நின்று பார்த்து, புகை தெரிந்தால் பெரிய முரசை அடித்து ஊரை எழுப்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் தீ எச்சரிக்கை கொடுத்த கோபுரம், தானே இரண்டு தடவை எரிந்தது. 1794-ல் ஒரு தரம், 1831-ல் ஒரு தரம். வெளியே 3.75 மீட்டர் கல். உள்ளே தளம், படி, கூரை எல்லாம் மரம். 1831-க்குப் பிறகு சுல்தான் இரண்டாம் மஹ்மூத் மேலே இரண்டு அடுக்கு சேர்த்துக் கூம்புக் கூரை போட்டார். 1875-ல் ஒரு புயல் அந்தக் கூம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு சுமார் தொண்ணூறு வருஷம் கூம்பே கிடையாது. இதற்கிடையில் 1860-களில் சாலையை அகலப்படுத்த கலாட்டா மதிலைப் பெரும்பாலும் இடித்துத் தள்ளினார்கள். கோபுரம் தப்பியதற்கு அதன் பழம்பெருமை காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தீ பார்க்க ஆள் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1965-லிருந்து 67 வரை பெரிய ரிப்பேர். கட்டடக் கலைஞர் கோக்சால் அனதோல். உள்ளே மர அமைப்பை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள், லிஃப்ட் வைத்தார்கள், 1830-களின் கூம்பை மறுபடி செய்து வைத்தார்கள். ஆக, எல்லோரும் ஃபோட்டோ எடுக்கிற அந்தக் கூம்பு நம் அப்பா காலத்துச் சரக்கு. கீழ்ச் சுவர் ஜெனோவாக்காரன், மேல் சுவர் உஸ்மானியர், உள்ளே கான்கிரீட். இதில் எது அசல் என்று கேட்டால் என்ன சொல்வது? அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கான்கிரீட் போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு தடவை எரிந்த கட்டடம். 1965-ல் நான் அந்த மேஜையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் வரைந்திருப்பேன். இன்றைக்கு வரைவேனா என்பது சந்தேகம்.

2020 ஆகஸ்டில் மறுபடி ஒரு ரிப்பேர். உள்ளே ஒரு தொழிலாளி டிரில்லிங் ஹாமரை வைத்துச் சுவரை உடைக்கிற வீடியோ வெளியே வந்து, நாடு முழுக்கக் கூச்சல். உடைத்தது பிற்காலத்தில் சேர்த்த பகுதி, அசல் சுவர் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் ஹாமர் வைத்தது தவறு என்றும் அவர்களே ஒத்துக்கொண்டார்கள். அந்த அக்டோபரில் மியூசியமாகத் திறந்தார்கள்.

அந்த வீடியோவை நான் அப்போதே இங்கே வீட்டில் பார்த்தேன். எல்லோரும் அந்தத் தொழிலாளியைத் திட்டினார்கள். என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இந்தக் காலேஜை விட்டுப் போய் இரண்டாவது வருஷம். நூறு வயசு தாண்டிய ஒரு பழைய கட்டடம், ரிப்பேர் வேலைக்கு நான்தான் சைட் என்ஜினியர். செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. கீழ்ப்பகுதி ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. எஸ்டிமேட்டில் இருந்தது: பழைய பூச்சை உரித்துவிட்டு சிமெண்ட் பூச்சு, ஒன்றுக்கு நாலு. அங்கே ஒரு வயசான கொத்தனார். என் கிட்டே வந்து, 'சார், சுண்ணாம்புச் சுவரு மூச்சு வுடும் சார். சிமெண்ட்டைப் பூசினா மூச்சு முட்டிடும். சொல்லிப் பாருங்க சார்' என்றார். எனக்கு என்ன வயசு, இருபத்து மூணு. 'எஸ்டிமேட் சாங்ஷன் ஆயிடுச்சு பெரியவரே, உங்க வேலையைப் பாருங்க' என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பூசினார். நன்றாகவே பூசினார்.

ஒப்படைத்த அன்றைக்கு சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. பில் பாஸானது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தரையிலிருந்து ஏறிய ஈரம், வெளியே வர வழியில்லாமல், சிமெண்ட்டுக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறியிருந்தது. உப்பு உள்ளேயே படிந்து, செங்கல்லின் முகத்தைத் தின்றுவிட்டது. பூச்சு பாளம் பாளமாக விழுந்திருந்தது. கூடவே செங்கல்லும் பெயர்ந்து வந்திருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், சுவர் பிழைக்கும். சிமெண்ட் விழும்போது சுவரையும் பிய்த்துக்கொண்டு விழும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. என் டிகிரி சர்ட்டிபிகேட்டில் முதல் வகுப்பு என்று போட்டிருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கச் சுவரைப் பிறகு இடித்துவிட்டார்கள். பெரியவரைத் தேடிப் போனேன். காலமாகிவிட்டார் என்று அவர் மகன் சொன்னார். உள்ளே உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். வந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்று சங்கத்து அண்ணன்மார்களுக்குப் புரிந்திருக்கும். நம் பழைய பிளாக்கைப் புதுப்பிக்க நிதி திரட்டுகிறோம். நல்ல காரியம். நானும் என் பேட்ச்சும் கொடுத்திருக்கிறோம். நேற்று மாலை அந்த வராந்தாவில் நடந்து பார்த்தேன். கிழக்குச் சுவரில் ஓதம் இருக்கிறது. மாதிரிக்கு என்று ஒரு மூலையில் கொஞ்சம் உரித்து, சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அண்ணே, எஸ்டிமேட் சாங்ஷன் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை நானே ஒரு காலத்தில் சொன்னவன். இருந்தாலும் கேட்கிறேன், ஒரு மாசம் நிறுத்தி வையுங்கள். முதலில் மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயையும் சுவரோரம் தேங்குகிற தண்ணீரையும் பார்ப்போம். பாதி ஓதம் அங்கேயே போய்விடும். மீதிக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இரண்டு பேர் எனக்குப் பழக்கம், அழைத்து வருகிறேன். செலவு கொஞ்சம் கூடும், நாளும் பிடிக்கும். அந்த வித்தியாசத் தொகையில் என் பங்கை இன்றே எழுதித் தருகிறேன். மூன்றாம் வருஷ சிவில் தம்பி தங்கைகள் விருப்பமிருந்தால் சனிக்கிழமைகளில் கூட வாருங்கள், சாந்து அரைப்பதிலிருந்து பார்க்கலாம். மார்க் கிடையாது, மதியம் பிரியாணி உண்டு.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த எஸ்டிமேட் காப்பி ஒன்று மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் கொடுத்துவிடுங்கள் அண்ணே.